விசிறிக்கு ஒரு வயர்
தொப்பூர் கணவாய் ஏறும் லாரிகள் பலவும் ஓட்டுநர்களுக்கு வீடும்தான். இரவெல்லாம் கேபினில் விசிறி ஓடும். காலையில் செல்ஃப் எடுக்காது. உடனே பேட்டரியைக் குற்றம் சொல்கிறோம். கனரக லாரிகளில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைந்து 24 வோல்ட் தருகின்றன. 12 வோல்ட் விசிறிக்கு ஒன்றிலிருந்து மட்டும் வயர் இழுத்தால் அது வற்றும்; மற்றது அளவுக்கு மீறி சார்ஜ் ஏறிக் கெடும். புதிது வாங்குமுன் இரண்டையும் தனித்தனியாக மல்டிமீட்டரில் பாருங்கள்: வண்டி சில மணி நேரம் நின்றபின் 12.6 வோல்ட் இருந்தால் நிறைவு, 12க்குக் கீழே என்றால் காலி. டெர்மினலில் பூத்த பொடியையும் சுத்தம் செய்யுங்கள். விசிறிக்கு 24ஐ 12ஆக்கும் கன்வெர்ட்டர் ஒன்று போதும், ஒன்று வற்றி மற்றது கெடும் கோளாறு வராது. 2025 அக்டோபர் முதல் தயாராகும் லாரிகளுக்கு ஏசி கேபினைக் கட்டாயமாக்கிய மத்திய அரசு, இன்ஜினை அணைத்துவிட்டு ஏசியின்றித் தூங்குபவருக்காக இந்தக் கன்வெர்ட்டரையும் கட்டாயமாக்க வேண்டும்.