பின் சீட்டுக்குக் கீழே ஒரு மூடி

உங்க வீட்ல பெட்ரோல் கார் இருக்கா? இருந்தா அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது ஒரு வேலை பண்ணுங்க. பின் சீட்ல உட்கார்ற மெத்தையைத் தூக்கி, கீழே இருக்கிற கார்பெட்டை விலக்கிப் பாருங்க. தரைத் தகட்டுல டிபன் தட்டு சைஸ்ல ஒரு மூடி தெரிஞ்சா நீங்க கொடுத்து வச்சவங்க. வெறும் தகடு மட்டும் தெரிஞ்சா, என்னைக்காவது ஒரு நாள் உங்க அப்பா ஒரு பெரிய பில் கட்ட வேண்டி வரலாம். அன்னைக்கு யாரோ ஒரு பையன் அந்தக் காருக்கு அடியில படுத்து, கையெல்லாம் பெட்ரோல் வழிய வேலை பார்ப்பான்.

அந்த மூடிக்குக் கீழதான் பெட்ரோல் டேங்கோட மேல்பக்கம். டேங்குக்குள்ள ஃபியூயல் பம்ப். அது கெட்டுப்போனா மாத்துறதுக்கு மூணு வழி இருக்கு. மூடியைத் திறக்கலாம், டேங்கையே கீழ இறக்கலாம், மூடி இல்லாத தகட்டை வெட்டலாம். எந்த வழின்னு முடிவு பண்றவர் மெக்கானிக்னுதான் நானும் நினைச்சிட்டிருந்தேன். உண்மையில, அந்தத் தகட்டை கம்ப்யூட்டர்ல வரைஞ்ச இன்ஜினியர் அதை எப்பவோ முடிவு பண்ணிட்டார். அடுத்த வருஷம் அந்த நாற்காலியில நம்மள்ல யாராவது உட்காரப் போறோம். அதனாலதான் இதை எழுதுறேன். (எனக்கு எல்.கே.ஜி.யில இருந்தே இங்கிலீஷ் மீடியம். எழுத்துப்பிழை இருந்தா எடிட்டரைத் திட்டுங்க.)

அய்யலூர்ல நின்ன வண்டி

போன செமஸ்டர் லீவுல நடந்தது இது. என் மாமா பழைய கார் ஒண்ணு வச்சிருக்கார். அவர் அந்த வண்டிக்கு மூணாவது ஓனர். கம்பெனி பேரு வேண்டாம். திருச்சியில ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டு திண்டுக்கல் திரும்பும்போது, அய்யலூர் தாண்டினதும் வண்டி ரெண்டு தடவை திணறி, அப்படியே நின்னுடுச்சு. வண்டிக்குள்ள அத்தை, பாட்டி, நான். கயிறு கட்டி இழுத்துத்தான் திண்டுக்கல்ல மாமாவுக்குத் தெரிஞ்ச மெக்கானிக் ஷெட்டுக்குக் கொண்டு போனோம்.

மெக்கானிக் அண்ணன் சாவியை ஆன் பண்ணிட்டு காதைப் பின் சீட் பக்கம் வச்சார். எம்பிஎஃப்ஐ வண்டியில சாவி ஆன் பண்ணினதும் பின்னாடி ரெண்டு செகண்ட் 'ம்ம்ம்'னு ஒரு சத்தம் வரும். அது பம்ப் ஓடுற சத்தம். இந்த வண்டியில வரல. உடனே "பம்ப் போச்சு"ன்னு அவர் சொல்லல. ஃபியூஸ் பார்த்தார், ரிலேயை மாத்திப் போட்டுப் பார்த்தார், டேங்குக்குப் போற வயர்ல டெஸ்ட் லாம்ப் வச்சுப் பார்த்தார். கரண்ட் வருது, பம்ப் ஓடல. அப்புறம்தான் சொன்னார்: "டேங்கை இறக்கணும் தம்பி."

இந்த வரிசையை ஞாபகம் வச்சுக்கோங்க. சின்ன ஃபியூஸ் போனதுக்கு நல்ல பம்பைக் கழட்டிப் போடுறதும் நடக்கத்தான் செய்யுது.

பம்ப் ஏன் டேங்குக்குள்ள போச்சு?

கார்புரேட்டர் காலத்து மாருதி 800-ல பம்ப் இன்ஜின் மேலயே இருக்கும். கேம்ஷாஃப்ட் தட்டத் தட்ட, உள்ள ஒரு டயாஃப்ரம் மேலும் கீழும் ஆடி பெட்ரோலை இழுக்கும். கெட்டுப்போனா பானெட்டைத் தூக்கி, ஸ்பேனர் போட்டு, ரோட்டோரத்துலயே மாத்திடலாம். ஆனா அந்த மாதிரி பம்ப் கொடுக்கிற அழுத்தம் ரொம்பக் கம்மி. 0.3 பார் பக்கம்தான். ஃபியூயல் இன்ஜெக்‌ஷனுக்கு சுமார் 3 பார் வேணும். அதுக்கு எலக்ட்ரிக் பம்ப் தேவைப்பட்டுச்சு.

அதை டேங்குக்குள்ள போட்டதுக்கும் நல்ல காரணம் இருக்கு. பெட்ரோலைத் தூரத்துல இருந்து உறிஞ்சினா பைப்புல அழுத்தம் குறையும். வெயில் நேரத்துல அது பைப்புக்குள்ளயே ஆவியாகி அடைச்சுக்கும். டேங்குல இருந்து தள்ளிவிட்டா அந்தத் தொல்லை குறையும். பம்போட மோட்டார் சூட்டையும் சுத்தி இருக்கிற பெட்ரோலே எடுத்துக்கும். எப்பவும் ரிசர்வ்லயே வண்டி ஓட்டாதீங்கன்னு பெரியவங்க சொல்றது இதுக்கும் சேர்த்துத்தான்.

ஆக, டேங்குக்குள்ள போட்டது சரியான முடிவு. அப்படிப் போடும்போதே, கெட்டுப்போனா எப்படி வெளிய எடுக்கிறதுன்னும் யோசிச்சிருக்கணும். சில பேர் யோசிச்சாங்க, சில பேர் விட்டுட்டாங்க.

மூடி இருந்தா, இல்லாட்டி

யோசிச்சவங்க வண்டியில வேலை இப்படிப் போகும். ஹூண்டாய் ஆக்சென்ட், டொயோட்டா கரோலா மாதிரி வண்டிகள்ல பின் சீட் மெத்தையைக் கழட்டினா மூடி தெரியும். பம்ப் ஃபியூஸை எடுத்துட்டு இன்ஜினை ஸ்டார்ட் பண்ணினா, லைன்ல இருக்கிற பெட்ரோல் தீர்ந்து தானா நிக்கும். அப்போ அழுத்தம் இறங்கிடும். பேட்டரி நெகட்டிவைக் கழட்டணும். மூடியைத் திறந்து, மேல இருக்கிற மண்ணைத் துடைக்கணும், இல்லாட்டி அது டேங்குக்குள்ள விழும். கனெக்டர், ஹோஸ் எல்லாம் கழட்டி, பம்பைப் பிடிச்சிருக்கிற வளையத்தைத் திருப்பினா பம்ப் கைக்கு வந்துடும். இரும்பு உளி வச்சுத் தட்டக் கூடாது, பொறி வரும். பித்தளைக் கம்பிதான் வைக்கணும். திரும்பப் போடும்போது புது ரப்பர் வாஷர். நிதானமா பண்ணினாலும் ஒரு மணி நேரத்து வேலை.

மூடி இல்லாத வண்டியில முதல்ல டேங்கைக் காலி பண்ணணும். 35 லிட்டர் டேங்க் ஃபுல்லா இருந்தா பெட்ரோல் மட்டுமே 26 கிலோ. அப்புறம் ஃபில்லர் பைப், ஹோஸ், சில வண்டியில சைலன்சர் பைப்பும் கழட்டணும். கடைசியில டேங்கைத் தாங்குற பட்டைகளோட போல்ட். மழைத் தண்ணியும் மண்ணும் பட்டு, வருஷக்கணக்கா திறக்காம இருந்த போல்ட்.

அமெரிக்காவுல பிக்கப் லாரி வச்சிருக்கிறவங்க வேற மாதிரி பண்றாங்க. டேங்கை இறக்குறதுக்குப் பதிலா, பின்னாடி சரக்குப் பெட்டியோட போல்ட்டைக் கழட்டி, நாலு பேர் சேர்ந்து பெட்டியைத் தூக்கி நகர்த்திட்டு, மேல இருந்து பம்பை எடுக்கிறாங்க. அதே ஊர்ல 1993-ல இருந்து 2002 வரைக்கும் வந்த செவர்லே கமாரோவுல டேங்க் இறங்கணும்னா பின் ஆக்சிலையே தாழ்த்தணும். அதனால நிறைய பேர் காரோட பின்பக்கத் தகட்டை வெட்டி, அந்த வழியா பம்பை எடுத்துட்டு, மேல வேற தகடு வச்சு மூடிடுறாங்க. இதுதான் மூணாவது வழி.

என் அருமையான ஐடியா

இந்த வீடியோ எல்லாம் நான் பார்த்திருந்தேன். அதனால ஷெட்ல நின்னு கெத்தா சொன்னேன்: "எதுக்குண்ணே டேங்கை இறக்கிட்டு? சீட்டைத் தூக்கிட்டு கட்டிங் மெஷின்ல ஒரு சதுரம் வெட்டிட்டா அரை மணி நேரத்துல முடிஞ்சிடும்ல? டேங்குல பெட்ரோலும் கொஞ்சம்தான் இருக்கு."

அண்ணன் சிரிக்கல. "கொஞ்சமா இருக்கிறதுதான் தம்பி ஆபத்து"ன்னார். "ஃபுல்லா இருந்தா உள்ள பெட்ரோல் இருக்கும். காலியா இருந்தா உள்ள கேஸ் இருக்கும்."

அவ்வளவுதான் சொன்னார். எனக்கு முகம் சுருங்கிப் போச்சு. ஏன்னா அது எனக்குத் தெரிஞ்ச விஷயம். பெட்ரோலோட ஃப்ளாஷ் பாயிண்ட் மைனஸ் 40 டிகிரிக்கும் கீழ. காத்துல வெறும் 1.4 சதவீதம் ஆவி கலந்தாலே பொறி பட்டதும் பிடிச்சுக்கும். அந்த ஆவி காத்தை விடக் கனம், அதனால தரையோட தரையா பரவி நிக்கும். ரெண்டு மார்க் கேள்விக்கு இதை எழுதி மார்க்கும் வாங்கியிருக்கேன். எழுதின அதே நான்தான், ஓட்டை ஹோஸ் இருக்கிற டேங்குக்கு ரெண்டு இன்ச் மேல பொறி பறக்கிற மெஷினை ஓட்டச் சொன்னேன்.

அண்ணன் டேங்கைத்தான் இறக்கினார். மெயினை அணைச்சு, குண்டு பல்ப் போட்ட ஹேண்ட் லாம்பைத் தூரமா வச்சுட்டு, எல்இடி டார்ச் வெளிச்சத்துல வேலை. பீடியோட வந்த ஒரு பெரியவரை ரோட்டுக்கே திருப்பி அனுப்பினார். ஷெட்ல வேலை பழகுற பையன், என் வயசுக்கும் கம்மி, அடியில படுத்து ஹோஸைக் கழட்டினான். மிச்சம் இருந்த பெட்ரோல் அவன் முழங்கை வழியா சட்டைக்குள்ள ஓடுச்சு. எழுந்து குழாயடியில கழுவிட்டு வந்து, திரும்பப் படுத்தான். பட்டையில ஒரு போல்ட் துரு ஏறி முறிஞ்சு போச்சு. அதை எடுக்கவே ஒரு மணி நேரம்.

காலையில 9 மணிக்கு ஆரம்பிச்சது, சாயங்காலம் 4 மணிக்குத்தான் வண்டி ஸ்டார்ட் ஆச்சு. நான் மொபைல்ல நேரம் பார்த்துட்டே இருந்தேன். டேங்க் இறங்கினதுக்கு அப்புறம் பம்பை மாத்த ஆனது 15 நிமிஷம். மீதி எல்லாம் பம்புகிட்ட போறதுக்கும் திரும்பி வர்றதுக்கும்.

மூடி ஏன் வைக்கல?

கம்பெனி பக்கமும் நியாயம் இருக்கு. தகட்டுல ஓட்டை போட்டா அதுக்கு மூடி, ஸ்க்ரூ, சீல் வேணும். சீல் சரியில்லாட்டி தண்ணி உள்ள வரும், பெட்ரோல் வாசனை வண்டிக்குள்ள வரும். தகட்டோட உறுதியும் கொஞ்சம் குறையும். பம்ப் பல வருஷம் உழைக்கும், அதுக்காக ஒவ்வொரு வண்டியிலயும் காசு போடணுமான்னும் கேட்கலாம்.

முதல் மூணுக்கும் பதில் ரோட்டுலயே ஓடிட்டிருக்கு. மூடி வச்ச வண்டிகள் லட்சக்கணக்குல ஓடுது. ஓரத்தை மடிச்சுவிட்டு தகட்டை உறுதியாக்குறது எப்படின்னு நமக்கே பாடம் இருக்கு. நாலாவது கேள்விதான் உண்மையான காரணம்னு நான் நினைக்கிறேன். பம்ப் பல வருஷம் உழைக்கும், சரி. அப்போ அது கெட்டுப்போறது முதல் ஓனர் கையில இல்ல, என் மாமா மாதிரி மூணாவது ஓனர் கையில. அவர் ஷோரூமுக்கு வரவே மாட்டார். அவர் கட்டுற கூலி கம்பெனி கணக்குல ஏறாது. அந்தப் பையனோட சட்டையில ஓடின பெட்ரோலும் எந்தக் கணக்குலயும் ஏறாது. கம்பெனி மிச்சம் பிடிச்ச சில்லறையை, இவங்க ரெண்டு பேரும் வட்டியோட கட்டுறாங்க.

சட்டம் வந்தா சரியாகும்னு சொல்றவங்க உண்டு. 2022 ஜூலையில மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பழுது பார்க்கும் உரிமைக்குன்னு ஒரு குழு அமைச்சது. அதுல வாகனத் துறையும் ஒண்ணு. நல்ல விஷயம். ஆனா அந்த உரிமை நமக்கு மேனுவலும் ஸ்பேர் பார்ட்ஸும் வாங்கித் தரும். மேனுவலோட முதல் வரியே 'டேங்கை இறக்கவும்'னு இருந்தா சட்டம் என்ன பண்ணும்? தகட்டுல வழியை வரைய வேண்டியது நாமதான்.

மூடி வைக்கவே முடியாத இடமும் இருக்கும், ஒத்துக்கிறேன். அப்பவும் போல்ட்டுக்கு நேரா ஸ்பேனர் போக இடம் விடலாம். ஹோஸை ரெண்டு இன்ச் நீளமா கொடுக்கலாம், டேங்கைக் கொஞ்சம் இறக்கினதுமே கனெக்டர் கைக்கு எட்டும். இதுக்கெல்லாம் பெரிய செலவு இல்ல. "எலக்ட்ரிக் கார் வந்தா பம்பே இருக்காதே"ன்னு கேட்பீங்க. பேட்டரி பேக்கைப் பசை போட்டு ஒட்டி வச்சா, உள்ள ஒரு சின்ன பார்ட் போனதுக்கு மொத்தத்தையும் மாத்தணும். அங்கயும் இதே கேள்விதான்.

நாம என்ன பண்ணலாம்

டிபார்ட்மென்ட்டுக்கு என் கோரிக்கை ரெண்டே ரெண்டு. ஒண்ணு, டிசைன் ப்ராஜெக்ட் ரிவ்யூவுல "எப்படி அசெம்பிள் பண்ணுவ?"ன்னு கேட்கிறீங்க. கூடவே "கெட்டுப்போனா எப்படிக் கழட்டுவ, எந்த ஸ்பேனர், எவ்வளவு நேரம்?"னும் கேளுங்க. அதுக்கு அஞ்சு மார்க் வைங்க. மார்க் இல்லாம நாங்க எதையும் பண்ண மாட்டோம்னு உங்களுக்கே தெரியும். ரெண்டு, இன்பிளான்ட் ட்ரெயினிங்னு பெரிய ஃபேக்டரிக்குப் போய் ஏசியில பிரசன்டேஷன் பார்த்துட்டு சர்டிஃபிகேட்டோட வர்றோம். அதுல ஒரு நாளை மட்டும் ஒரு மெக்கானிக் ஷெட்டுக்குக் கொடுங்க.

ஜூனியர்ஸ், உங்களுக்கு ஒண்ணு. சாலிட்ஒர்க்ஸ்ல ஒரு பார்ட்டை மாட்டி முடிச்சதும் உடனே சேவ் பண்ணிட்டு எழுந்துடாதீங்க. அதைத் திரும்பக் கழட்டிப் பாருங்க. கர்சர் எந்த இடத்துக்கும் போகும், கை போகாது.

அன்னைக்குக் கிளம்பும்போது, அடுத்த வருஷம் எனக்கு என்ன வேலைன்னு அண்ணன் கேட்டார். ஒரு கம்பெனியில டிசைன் டீம்ல எடுத்திருக்காங்கன்னு சொன்னேன். அந்தப் பையன் கையைத் துடைச்சுட்டே நிமிர்ந்து பார்த்தான். "அப்போ ஒரு மூடி வைங்கண்ணே"ன்னான். சரின்னு சொல்லிட்டு வந்திருக்கேன்.