அஞ்சறைப் பெட்டியும் அப்பாவின் விரலும்

ஆயாவின் மர அஞ்சறைப் பெட்டியில் ஒரு தடுப்பு உடைந்து, கடுகும் வெந்தயமும் ஒன்றாகிவிட்டன. "புதுசு நானே செய்யறேன்" என்று அப்பா களத்தில் இறங்கினார். கடலூரில் எங்கள் வீட்டுத் திண்ணையில் ரூட்டர் மெஷின் வந்தது, அதைத் தலைகீழாகப் பொருத்த ஒரு மேசை வந்தது. கூடவே வாட்ஸ்அப்பில் நாலு வீடியோ. ரிட்டயர்டு ஆனவருக்கு வேறென்ன வேலை!

தடுப்புகளைச் செருக, பக்கப் பலகைகளில் சம இடைவெளியில் பள்ளம் எடுக்க வேண்டும். தச்சர்கள் இதைக் 'காடி' என்பார்கள். அப்பா சின்னத் துண்டு ஒன்றைக் கையால் பிடித்து, சுழலும் பிட் மேல் தள்ளினார். பிட் கவ்வி இழுத்ததில் துண்டு பறந்து காம்பவுண்ட் சுவரில் அடித்தது. விரல் தப்பியது. நிமிஷத்துக்கு 20,000 சுற்றுக்கு மேல் ஓடக்கூடிய மெஷின் அது. அம்மா அன்று முழுக்க அப்பாவோடு பேசவில்லை.

மறுவாரம் சிதம்பரத்தில் ஒரு தச்சரிடம் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். பலாப் பலகையைத் தடவியபடியே கேட்டவர், "துண்டு போட்டுட்டுக் காடி எடுக்காதீங்க சார். காடி எடுத்துட்டுத் துண்டு போடுங்க" என்றார்.

விஷயமே அதுதான். பெட்டியின் உயரம் 5 சென்டிமீட்டர் என்றால், 11 சென்டிமீட்டர் அகலப் பலகையாக எடுத்துக்கொள்கிறார். அதன் குறுக்கே காடிகளை எடுத்த பிறகு, நீளவாக்கில் இரண்டாக அறுக்கிறார். கை பிட்டுக்குப் பக்கத்திலேயே போவதில்லை. இன்னொரு லாபமும் உண்டு: எதிரெதிர்ப் பக்கங்கள் ஒரே பலகையில் பிறந்தவை என்பதால், இடைவெளியில் சின்னத் தப்பு இருந்தாலும் இரண்டிலும் அதே தப்புதான். தடுப்பு கோணாமல் நிற்கும்.

இடைவெளிக்கு அவர் ஸ்கேலே தொடுவதில்லை. மேசையில் நகரும் தள்ளுபலகையின் அடியில், காடியின் அகலத்துக்கே ஒரு சின்னக் கட்டை நீட்டிக்கொண்டிருக்கிறது. முதல் காடியை அந்தக் கட்டைமேல் உட்கார வைத்துத் தள்ளினால் இரண்டாவது காடி விழும். இரண்டாவதை உட்கார வைத்தால் மூன்றாவது.

"கட்டை அரை மில்லிமீட்டர் தள்ளியிருந்தா?" என்று கேட்டேன்.

"நாலு காடின்னா தெரியாதும்மா. இருபது காடி தட்டு ஸ்டாண்டுன்னா, கடைசியில கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் காலி" என்று சிரித்தார். அதனால் முதலில் வேஸ்ட் பலகையில் போட்டுப் பார்க்கிறார். முதல் காடியிலிருந்து கடைசிக் காடி வரை அளந்து, இடைவெளிகளின் எண்ணிக்கையால் வகுத்து, கட்டையை நகர்த்துகிறார். ஆழம், பலகைத் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு போதுமாம்.

அப்பா செய்த பெட்டி போன ஞாயிறு அடுப்படிக்கு வந்தது. ஆயா தடுப்புகளை ஒவ்வொன்றாக உருவிச் செருகிப் பார்த்தார். "தொடைக்க சுளுவா இருக்கு" என்றார்.

கலந்துபோன கடுகும் வெந்தயமும் வத்தக்குழம்புக்குப் போய்விட்டன.