மூன்று முறை ஓட்டுப் போட்டவர்கள்

1966 ஜனவரி 10. அட்லாண்டாவில் ஜார்ஜியா மாநிலச் சட்டமன்றம் கூடியது. புதிதாகத் தேர்வான உறுப்பினர்கள் எழுந்து நின்று பதவிப்பிரமாணம் எடுத்தார்கள். ஜூலியன் பாண்ட் என்ற இளைஞரை மட்டும் ஒதுங்கி இருக்கச் சொன்னார்கள். அவருக்கு 26 வயது நிறைய இன்னும் நான்கு நாள் இருந்தது. அன்றைக்கே வாக்கெடுப்பு நடத்தி, 184க்கு 12 என்ற கணக்கில் அவருக்கு அவையில் இடமில்லை என்று தீர்மானித்தார்கள்.

அவர் லஞ்சம் வாங்கியிருக்கவில்லை, தேர்தலில் மோசடி செய்திருக்கவும் இல்லை. வியட்நாம் போரைக் கண்டித்து வெளிவந்த ஓர் அறிக்கையை ஏற்கிறீர்களா என்று நிருபர் கேட்டபோது, ஏற்கிறேன் என்று சொன்னார். அவ்வளவுதான்.

அந்த அறிக்கைக்குப் பின்னால் ஒரு மரணம் இருந்தது. ஜனவரி 3ஆம் தேதி, அலபாமா மாநிலம் டஸ்கீகியில், சாமி யங் என்ற கறுப்பின மாணவரை ஒரு பெட்ரோல் பங்கில் சுட்டுக் கொன்றார்கள். வெள்ளையருக்கென்று ஒதுக்கிய கழிப்பறையைப் பயன்படுத்த முயன்றதில் எழுந்த தகராறு அது. செத்தவர் அமெரிக்கக் கடற்படையில் வேலை பார்த்துத் திரும்பியவர். மூன்று நாள் கழித்து, தெற்கு மாநிலங்களில் கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காக உழைத்த மாணவர் வன்முறையற்ற ஒருங்கிணைப்புக் குழு அந்த அறிக்கையை வெளியிட்டது. சொந்த மண்ணில் கறுப்பினத்தவருக்குச் சுதந்திரம் தராத அரசு, வியட்நாமில் சுதந்திரத்துக்காகப் போராடுவதாகச் சொல்வதை நம்ப முடியாது என்றது. கட்டாய ராணுவச் சேவைக்குப் போக மறுப்பவர்களின் பக்கம் நின்றது. பாண்ட் அந்தக் குழுவின் தகவல் தொடர்புப் பொறுப்பாளர். அறிக்கையை எழுதியவர் அவரில்லை. ஆனாலும், எனக்குத் தெரியாது என்று நழுவியிருந்தால் பதவி தப்பியிருக்கும். அவர் நழுவவில்லை.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இங்கிருந்து நேராக உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் போய்விடுவார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அட்லாண்டாவின் 136ஆம் தொகுதி. ஏழைக் கறுப்பினக் குடும்பங்கள் நிறைந்த பகுதி அது. ஜார்ஜியாவில் நெடுங்காலம் நகரத்து வாக்கைவிடக் கிராமப்புற மாவட்டத்து வாக்குக்குப் பல மடங்கு எடை இருந்தது. அதை ஒரு தேர்தல் முறையாகவே வைத்திருந்தார்கள். 1963, 1964 ஆண்டுகளில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் அதை உடைத்தன. தொகுதிகளைத் திரும்ப வரைந்து 1965இல் தேர்தல் நடத்த வேண்டியதாயிற்று. அந்தத் தேர்தலில் எட்டுக் கறுப்பினத்தவர் கீழவைக்குத் தேர்வானார்கள். அதற்கு முன் அரை நூற்றாண்டுக்கும் மேலாக அந்த அவையில் ஒரு கறுப்பு முகம்கூட இருந்ததில்லை.

பாண்ட் வீடு வீடாகப் போனார். உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். மணிக்கு இரண்டு டாலர் குறைந்தபட்சக் கூலி வேண்டும், மரண தண்டனை ஒழிய வேண்டும் என்பவை அவருடைய கோரிக்கைகளில் இருந்தன. 82 சதவீத வாக்கு விழுந்தது. அவையின் கதவைச் சாத்தியபோது அந்த மக்களின் மீதும் சேர்த்தே சாத்தினார்கள்.

பிப்ரவரியில் இடைத்தேர்தல் வைத்தார்கள். அதே மக்கள் அதே மனிதரைப் பெருவாரியாகத் தேர்ந்தெடுத்தார்கள். சொன்னதைத் திரும்பப் பெறு என்றது அவைக் குழு. அவர் மறுத்தார். கதவு மறுபடி சாத்தப்பட்டது. நவம்பரில் அடுத்த பொதுத் தேர்தல் வந்தது. மூன்றாவது முறையாகவும் அவரையே தேர்ந்தெடுத்தார்கள். இந்தப் பிடிவாதத்தை நினைக்கும்போது எனக்கு மெய்சிலிர்க்கிறது. அவர்களில் பலருக்குப் போர் குறித்துப் பாண்டின் கருத்தில் உடன்பாடு இல்லாமலும் இருந்திருக்கலாம். போருக்குப் போன பிள்ளைகள் அந்த வீடுகளில் இருந்திருப்பார்கள். எங்கள் பிரதிநிதி யார் என்பதை நாங்கள்தான் முடிவு செய்வோம் என்பதில் அவர்கள் அசையவில்லை.

அந்தத் தொகுதி வாக்காளர்களில் ஒருவர் மார்ட்டின் லூதர் கிங். கல்லூரியில் பாண்டுக்குத் தத்துவப் பாடம் நடத்தியவர். இந்த வழக்கில் அவர் தலைவர் என்ற முறையில் சேரவில்லை, தொகுதியின் வாக்காளர் என்ற முறையில் பாண்டோடு சேர்ந்து மனுப் போட்டார். மூன்று நீதிபதிகள் கொண்ட கீழ் நீதிமன்ற அமர்வில் இரண்டுக்கு ஒன்று என்று தோற்றார்கள். 1966 டிசம்பர் 5 அன்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. தலைமை நீதிபதி ஏர்ல் வாரன் எழுதிய தீர்ப்பு அது. அரசியல் சட்டத்துக்கு விசுவாசமாக இருப்பேன் என்று உறுதிமொழி எடுக்க வருபவரின் மனசாட்சியைச் சோதித்துப் பார்க்கும் அதிகாரம் அவையின் பெரும்பான்மைக்குக் கிடையாது என்றது. சர்ச்சைக்குரிய விஷயங்களில் தன் நிலையைச் சொல்வது மக்கள் பிரதிநிதியின் கடமை, அதற்கு அவருக்கு மிகப் பரந்த இடம் வேண்டும் என்றது. 1967 ஜனவரியில் பாண்ட் உள்ளே போய் உட்கார்ந்தார். அதே ஆண்டு, வியட்நாம் போர் ஏன் தவறு என்பதை எளிய மக்களுக்கு விளக்கும் ஒரு சித்திரக் கதைப் புத்தகத்தையும் எழுதி வெளியிட்டார். எதற்காக வெளியே தள்ளினார்களோ அதையே இன்னும் பரவலாகச் சொன்னார்.

பிறகு இருபது ஆண்டுகள், 1975 வரை கீழவையிலும் 1987 வரை மாநில செனட்டிலும் இருந்தார். 1968இல் சிகாகோ ஜனநாயகக் கட்சி மாநாட்டில் துணை அதிபர் வேட்பாளராக அவர் பெயரை முன்மொழிந்தார்கள். வயது 28தான், சட்டப்படி 35 ஆக வேண்டும் என்று சொல்லி விலகிக்கொண்டார். 1971இல் தெற்கு வறுமைச் சட்ட மையம் தொடங்கியபோது அதன் முதல் தலைவரானார். டெல்லிக்கு ஈடான வாஷிங்டனுக்கு அவர் என்றைக்கோ போயிருக்கலாம் என்று தோன்றும். மாநில அவையின் குழு அறைகளில்தான் அந்த வருடங்களைச் செலவிட்டார்.

அங்கே அவர் போட்ட சண்டைகளில் பெரியது தொகுதி மறுவரையறை. அட்லாண்டாவின் கறுப்பின வாக்குகளைக் கூறுபோடும் வரைபடத்தை 1981இல் சட்டமன்றம் நிறைவேற்றியது. அந்த மக்கள் பெரும்பான்மையாக உள்ள ஒரு நாடாளுமன்றத் தொகுதி வேண்டும் என்று பாண்ட் வாதாடினார். வழக்கு நீதிமன்றம் போனது. இனப் பாகுபாட்டு நோக்கம் நிரூபணமானது. 1982இல் புது ஐந்தாம் தொகுதி பிறந்தது.

1986இல் அந்தத் தொகுதியில் நின்றார், தோற்றார். தோற்கடித்தவர் ஜான் லூயிஸ். மாணவர் இயக்கக் காலத்துத் தோழர், வாக்காளர் பதிவுக்காகத் தெற்கு மாநிலங்களில் கூடவே அலைந்தவர். போட்டியின்போது லூயிஸ், இருவரும் போதைப்பொருள் பரிசோதனை செய்துகொள்வோம் வாருங்கள் என்று மேடையில் அழைத்தார். பாண்ட் மறுத்தார். இறுதிச் சுற்றில் லூயிஸுக்கு 52, பாண்டுக்கு 48 சதவீதம். கறுப்பின வாக்காளர்களில் பெரும்பாலோர் பாண்டுக்குத்தான் போட்டார்கள். வெள்ளையர் வாக்கு லூயிஸைக் கரையேற்றியது. லூயிஸ் மீது எனக்குப் பெரும் மரியாதை உண்டு. 2020இல் இறக்கும்வரை அந்தப் பதவியைக் கண்ணியமாக வகித்தார். ஆனால் அந்த ஒரு சவாலை அவர் விடுத்திருக்கக் கூடாது. இருவருக்கும் இடையில் இருந்த நட்பு அதில் விரிசல் கண்டது.

தோல்விக்குப் பிறகு பாண்ட் ஓய்ந்துவிடவில்லை. பல்கலைக்கழகத்தில் சிவில் உரிமை இயக்க வரலாறு கற்பித்தார். 1998 முதல் 2010 வரை நாட்டின் மிகப் பழைய கறுப்பின உரிமை அமைப்புக்குத் தலைவராக இருந்தார். ஒருபாலினத்தவர் திருமண உரிமையும் சிவில் உரிமைதான் என்று சொல்லி, தம் சொந்தச் சமூகத்துத் திருச்சபைத் தலைவர்கள் பலரின் கோபத்தைத் தாங்கிக்கொண்டார். 2013 பிப்ரவரியில், 73 வயதில், கீஸ்டோன் எண்ணெய்க் குழாய்த் திட்டத்தை எதிர்த்து வெள்ளை மாளிகை முன்னால் மறியல் செய்து கைதானார். முதல் முறை கைதானது 1960இல், அட்லாண்டா நகராட்சி அலுவலக உணவகத்தில் உட்கார்ந்ததற்காக. 2015 ஆகஸ்ட் 15 அன்று காலமானார்.

அவர் பிறந்த ஊர் நாஷ்வில், டென்னசி மாநிலத்தின் தலைநகர். 2023 ஏப்ரல் 6 அன்று அந்த ஊரில் இருக்கும் சட்டமன்றம், ஜஸ்டின் ஜோன்ஸ், ஜஸ்டின் பியர்சன் என்ற இரண்டு இளம் கறுப்பின உறுப்பினர்களை வெளியேற்றியது. ஊரில் ஒரு பள்ளியில் குழந்தைகள் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, துப்பாக்கிக் கட்டுப்பாடு கேட்டு அவைக்குள் குரல் எழுப்பினார்கள் என்பது குற்றச்சாட்டு. அவை நடவடிக்கையைக் குலைத்தார்கள் என்று சொல்லப்பட்டது. அதற்குக் கண்டனம் போதாதா, தொகுதி மக்களின் ஓட்டையே எடுத்துவிடுவதா என்று அன்றைக்குக் கேட்டவர்கள் நிறையப் பேர். நான்கே நாளில் நாஷ்வில் நகர மன்றம் 36க்குப் பூஜ்யம் என்று வாக்களித்து ஜோன்ஸைத் திருப்பி அனுப்பியது. இரண்டு நாள் கழித்து மெம்ஃபிஸ் பகுதியின் மாவட்ட மன்றம் பியர்சனை அனுப்பியது. ஆகஸ்டில் நடந்த சிறப்புத் தேர்தலில் அந்தந்தத் தொகுதி மக்கள் வரிசையில் நின்று இருவரையும் மறுபடி தேர்ந்தெடுத்தார்கள்.