சாலை அகலட்டும், மலையை வெட்டுவதில் நிதானம் வேண்டும்

நெடுஞ்சாலைகளை அகலப்படுத்த வேண்டியது அவசியமே. அதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை. பன்வேலில் புறப்பட்டு கோவா, கார்வார், மங்களூர், கேரளம் வழியாகக் கன்னியாகுமரி வரும் 66-ம் எண் சாலையின் பெரும்பகுதி முன்பு 17-ம் எண்ணாக இருந்தது. அந்நாளில் எதிரே வரும் லாரிக்கு ஒதுங்கி வழிவிடுவதே ஒரு வித்தை. நான்கு வழியாக்குகிறோம் என்றதும் டிரைவர்கள் மகிழ்ந்ததில் வியப்பில்லை. எப்படி அகலப்படுத்துகிறார்கள் என்பதில்தான் வில்லங்கம்.

வட கன்னட மாவட்டம் அங்கோலா அருகே ஷிரூரில் சாலைக்கு ஒரு பக்கம் மலை, மறுபக்கம் கங்காவளி ஆறு. 2024 ஜூலை 16-ந் தேதி காலை, கொட்டும் மழையில் அந்த மலை சரிந்தது. சாலையோர டீக்கடையும் அதை நடத்திய குடும்பமும் மண்ணோடு போயின. அங்கே நிறுத்தியிருந்த லாரிகளும் போயின. மண் விழுந்த வேகத்தில் எழும்பிய ஆற்று நீர் அக்கரை கிராமத்து வீடுகளையும் அடித்தது. இறந்தவர்கள் 11 பேருக்குக் குறையாது. அவர்களில் தமிழ்நாட்டு டாங்கர் லாரி டிரைவர்களும் உண்டு. கேரள டிரைவர் ஒருவரின் உடலை அவருடைய லாரியோடு ஆற்றிலிருந்து எடுக்க செப்டம்பர் 25-ந் தேதி ஆகிவிட்டது.

இதை இயற்கையின் சீற்றம் என்று சொல்லிக் கைகழுவ முடியாது. சாலைக்காகச் சரிவை வெட்டியதும் கனமழையும் சேர்ந்தே மலையைச் சரித்தன என்று புவியியல் ஆய்வுத் துறையினரே கூறினர். கடலோரக் கன்னடத்துக் குன்றுகளில் மேலே செம்பாறை, பார்வைக்கு உறுதியானது. கீழே மாவு போன்ற களிமண். 'ஷேடி மண்' என்பார்கள் ஊர்க்காரர்கள். நனைந்தால் சோப்பு மாதிரி. குன்றின் மேலே இருப்பது வெறும் புதர்தானே, தேக்கா, சந்தனமா என்று அதை வழித்துவிட்டு, அடியைச் செங்குத்தாக வெட்டினால் மழைநீர் நேரே உள்ளே இறங்கும். பிறகு எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும் மலை?

படிப்படியாக வெட்டிச் சரிவைத் தாழ்த்தலாம். மேலே வடிகால் அமைக்கலாம். எந்த என்ஜினீயருக்கும் தெரிந்த சங்கதிதான். ஆனால் அதற்குக் கூடுதல் நிலம் வேண்டும், வன இலாகா அனுமதி வேண்டும், நாளாகும். செங்குத்தாக வெட்டினால் காண்டிராக்டருக்கு எல்லாம் மிச்சம். ஷிரூருக்குப் பிறகாவது புத்தி வந்ததா என்றால், 2025 ஜூலையில் காசர்கோடு மாவட்டம் செறுவத்தூரில், இதே சாலை வேலைக்காக வெட்டிய வீரமலைக் குன்று சரிந்தது.

ரயில்வேயில் பேனா பிடிப்பவன் என்பதால் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. இதே மலைகளைக் குடைந்துதான் கொங்கண் ரயில்பாதை போகிறது. 2003 ஜூன் 22-ந் தேதி வைபவ்வாடி அருகே பாதையில் விழுந்த பாறைகளில் ரயில் மோதி 50 பேருக்கு மேல் மாண்டனர். மறு ஆண்டும் ஒரு விபத்து. அதன் பின்னர்தான் பாறைகளுக்கு வலை போட்டார்கள், சரிவுகளைத் தாழ்த்தினார்கள். இப்போது மழைக்காலத்துக்குத் தனிக் கால அட்டவணை, ரோந்துக்கு ஆட்கள், கனமழையில் 40 கிலோமீட்டருக்கு மேல் வண்டி ஓடக்கூடாது. பிரயாணிகள் முணுமுணுக்கிறார்கள்தான், முணுமுணுக்கட்டும். சாலையிலோ மழை நாளில் வண்டியை நிறுத்தச் சொல்ல ஒரு கொடிக்காரர் கூட இல்லை.

இன்னொன்று, யாரும் பேசாதது. ஷிரூரில் அந்த லாரிகள் ஏன் மலையடியில் நின்றன? டீக்கடை அங்கே இருந்தது. வண்டி நிறுத்த இடமும் இருந்தது. இரவெல்லாம் ஓட்டி வருகிறவன் வேறெங்கே நிற்பான்? சுங்கச் சாவடிக்கு விசாலமாக இடம் ஒதுக்குகிறார்கள். லாரி நிற்க, டிரைவர் குளிக்க, ஒரு மணி நேரம் கண்ணயர, வெட்டிய மலைக்கு எட்டத்தில் ஓரிடம் ஒதுக்குவதில்லை.

சமையல் எரிவாயு டாங்கர்களில் பெரும் பங்கு நாமக்கல்காரர்களுடையது. அவர்கள் சங்கமும், பெங்களூர், மங்களூரில் உள்ள நம் தமிழ் அமைப்புகளும் சேர்ந்து நெடுஞ்சாலை ஆணையத்துக்கு ஒரு மனு கொடுக்கலாம். வெட்டுமலைகள் ஒவ்வொன்றையும் மழைக்கு முன்னர் பரிசோதித்து முடிவைச் சாலையோரத்தில் பலகையில் எழுதி வைக்க வேண்டும். ஆபத்தான இடத்தில் கனமழை நேரம் போக்குவரத்தை நிறுத்த வேண்டும். லாரிகளுக்கு நிறுத்துமிடம் வேண்டும். ஜூனில் மழை தொடங்கிவிடும். மனு அதற்கு முன்பே போய்ச் சேர வேண்டும்.