மாத்திரையில் மிச்சம் பிடிக்காதீர்கள்



மாதக் கடைசியில் கையைக் கடிக்கும்போது நம் வீடுகளில் எதை முதலில் நிறுத்துகிறோம்? பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸையா, கேஸ் சிலிண்டரையா? முடியாது. அம்மாவின் சுகர் மாத்திரைதான் சத்தமில்லாமல் தள்ளிப்போகிறது. தள்ளிப்போடுபவரும் பெரும்பாலும் அம்மாவேதான்.

பல்வலி என்றால் கடன் வாங்கியாவது ஓடுவோம். சர்க்கரை அப்படி வலிப்பதில்லை. வலிக்காமலே கண்ணையும் கிட்னியையும் பாத நரம்புகளையும் கெடுத்துவிடுகிறது. காப்பீட்டு அட்டையோ பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆனால்தான் கைகொடுக்கும். மாதாமாதம் வாங்கும் மாத்திரைக்குக் கைக்காசுதான்.

இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக ஐ.சி.எம்.ஆர். ஆதரவுடன் நடந்து 2023-ல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அத்தனை பேருக்கும் ஒரே அட்வைஸ் பொருந்துமா? கட்டட வேலைக்குப் போகிறவர் ஓ.பி. வரிசையில் நின்றால் அன்றைய கூலி போய்விடும். வீட்டு வேலைக்குப் போகும் பெண் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, சாப்பிட நேரமில்லாமல் ஓடினால் லோ சுகர் வந்து மயங்கி விழலாம். ரேஷன் அரிசியில் வயிறு நிரம்பும் வீட்டில் பயறும் காய்கறியும் மீனும் தினமும் எங்கிருந்து வரும்? டைப் 1 சர்க்கரை நோய் வந்த குழந்தைக்கோ இன்சுலினை நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.

இவர்களிடம் ‘வாயைக் கட்டுங்க’ என்று மட்டும் சொல்வது நியாயமா?

டாக்டரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள்: ‘இந்தச் செலவு எனக்குக் கட்டுப்படியாகல.’ ஒருநாள் விட்டு ஒருநாள் மாத்திரை போடுவதை மறைத்தால் என்ன ஆகும்? சுகர் குறையவில்லையே என்று அவர் இன்னொரு மாத்திரையைச் சேர்ப்பார். செலவுதான் கூடும். உண்மையைச் சொன்னால், விலை குறைந்த மருந்துக்கு மாற்றித் தர அவருக்கு வழி இருக்கிறது.

வழிகள் இல்லாமல் இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சுகர் மாத்திரை இலவசம். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்தது. மக்கள் மருந்தகங்களிலும், 2025 பிப்ரவரியில் திறந்த முதல்வர் மருந்தகங்களிலும் ஜெனரிக் மாத்திரைகள் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. எம்பாக்ளிஃப்ளோசின் என்ற சுகர் மாத்திரையின் காப்புரிமை 2025 மார்ச்சில் முடிந்ததும் பல கம்பெனிகள் அதை மிகக் குறைந்த விலையில் விற்கத் தொடங்கின. பழைய சீட்டையே நீட்டி வாங்குகிறவர்களுக்கு இது தெரியுமா? ‘இதே மருந்து விலை குறைவா இருக்கா?’ என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். மாற்றுவதை மட்டும் அவரைக் கேட்காமல் செய்யாதீர்கள்.

மருத்துவ நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சீட்டு எழுதும் முன், ‘மாசம் எவ்வளவு வரைக்கும் முடியும்?’ என்று நீங்களே கேட்டுவிடுங்களேன். நோயாளியின் பாதி தயக்கம் அங்கேயே போய்விடும்.

வீட்டுப் பெரியவர்களிடம் ‘சுகர் எவ்வளவு இருக்கு?’ என்று கேட்காத பிள்ளைகள் இல்லை. இந்த வாரம் அதோடு இன்னொன்றும் கேளுங்கள்: ‘மாத்திரை வாங்கக் காசு இருக்கா?’

அன்புடன்,
ஆசிரியர்