பெரியம்மாவின் வயிற்றுக் கிருமி

எங்கள் பெரியம்மாவின் சுருக்குப்பையில் வெற்றிலை பாக்கோடு எப்போதும் ஒரு மாத்திரை அட்டை கிடக்கும். காலையில் வெறும் வயிற்றில் ஒன்று. பத்து வருடமாக வயிற்றில் என்ன செய்தாலும் அவருக்கு ஒரே பெயர்தான்: கேஸ். போன மாதம் ராத்திரி முழுக்க மேல்வயிறு வலித்துத் தூக்கம் கெட்ட பிறகுதான் எண்டோஸ்கோபிக்குச் சம்மதித்தார். "கேஸுக்குப் போய்க் குழாய் விடுவாங்களாய்யா?" என்று கேட்டவர், உள்ளே கூப்பிடும்வரை என் கையை விடவில்லை.

டாக்டர் இரைப்பையிலிருந்து அரிசிக் குருணை அளவு சதையைக் கிள்ளி எடுத்து, மஞ்சள் ஜெல் இருந்த சின்ன வில்லையில் வைத்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே சதையைச் சுற்றி மஞ்சள் மாறி, பன்னீர் ரோஜா நிறம் பரவியது. ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற கிருமி உள்ளே குடியிருக்கிறது என்று அதற்கு அர்த்தம். யூரியாவை உடைத்து அம்மோனியா உண்டாக்கி, இரைப்பை அமிலம் தன்மேல் படாமல் பார்த்துக்கொள்ளும் கிருமி அது. ஜெல்லின் நிறத்தை மாற்றியதும் அந்த அம்மோனியாதான். காலை மாத்திரையை இரண்டு வாரம் முன்பே நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். அதைச் சாப்பிட்டுக்கொண்டே சோதித்தால், கிருமி இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம்.

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் 1982-ல் இந்தக் கிருமியை வளர்த்துக் காட்டினார்கள். ஈஸ்டர் விடுமுறையால் வளர்ப்புத் தட்டுகள் வழக்கத்தைவிடக் கூடுதல் நாள் அப்படியே கிடந்ததால்தான் அது வளர்ந்தது. யாரும் நம்பாததால் 1984-ல் மார்ஷல் அதைக் கரைத்துத் தானே குடித்தார். சில நாளில் வாந்தியும் இரைப்பை அழற்சியும் வந்தன. 1994-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இதைப் புற்றுநோய் உண்டாக்கும் கிருமி என்று அறிவித்தது. 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

அதெல்லாம் இரைப்பைக்குள் நடக்கும் கதை. பெரியம்மாவுக்காகப் படிக்க உட்கார்ந்தபோது என்னை உலுக்கியது வேறு. 2024-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, பைலோரி பரிசோதனை செய்துகொண்ட 8 லட்சத்துக்கும் மேற்பட்ட முன்னாள் படைவீரர்களை எடுத்துப் பார்த்தது. கிருமி இருந்தவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு 18 சதவீதம் கூடுதல். கிருமி தெரிந்தும் சிகிச்சை பெறாதவர்களுக்கு, பெற்றவர்களைவிட ஆபத்து அதிகம். நூறு பேரில் 18 பேருக்கு நோய் வரும் என்று இதைப் படித்துப் பயந்துவிடக் கூடாது. ஆயிரத்தில் 10 பேருக்கு வரக்கூடியது கிட்டத்தட்ட 12 பேருக்கு வருவதைப் போன்ற கூடுதல் இது. அந்தப் படைவீரர்களில் பெரும்பாலோர் ஆண்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

இரைப்பையில் இருக்கும் கிருமிக்குக் கீழே பெருங்குடலில் என்ன வேலை? ஜெர்மனியில் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் எலிகளை வைத்துப் பார்த்தார்கள். குடல் கட்டி வரக்கூடிய எலிகளுக்குக் கிருமியைக் கொடுத்ததும் கட்டிகள் பெருகின. குடலில் அழற்சியை அடக்கிவைக்கும் எதிர்ப்பணுக்கள் குறைந்தன; குடற்சுவரைக் காக்கும் சளிப்படலத்தைத் தின்னும் பாக்டீரியாக்கள் கூடின. ஆக, கிருமி இடம்விட்டு நகர வேண்டியதே இல்லை போலிருக்கிறது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் கலைத்துவிட்டாலே போதுமானதாக இருக்கலாம். சுவிட்சர்லாந்தின் லோசானில் நடந்த இன்னொரு ஆய்வு, பைலோரி தொற்றிய எலிகளில் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் புற்றுநோய்ச் சிகிச்சை சரியாக வேலை செய்யவில்லை என்று கண்டது. நுரையீரல் புற்றுநோய்க்கு அந்தச் சிகிச்சை எடுத்தவர்களிலும், இந்தக் கிருமி தொற்றிய அடையாளம் ரத்தத்தில் இருந்தவர்கள் குறைந்த காலமே வாழ்ந்திருந்தார்கள்.

எல்லாம் ஒரே பக்கம் சாய்வதில்லை. உணவுக்குழாயின் கீழ்ப்பகுதியில் வரும் ஒருவகைப் புற்றுநோய், இந்தக் கிருமி இருப்பவர்களுக்குக் குறைவாகவே வருகிறது. அமிலம் குறைவதால் இருக்கலாம் என்கிறார்கள். அதற்காகக் கிருமியை வைத்துக்கொள்ளலாம் என்று நான் நினைக்கவில்லை. இரைப்பைக்கு அது செய்யும் கேடு நிச்சயமாகத் தெரிந்தது. ஆனால் 'எல்லாப் புற்றுநோய்க்கும் இதுதான் காரணம்' என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால், இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

பெரியம்மாவுக்கு 14 நாள் மருந்து. நான்காம் நாளே, "வாயெல்லாம் துருப்பிடிச்ச மாதிரி கசக்குதுய்யா, போதும்" என்றார். பாதியில் விட்டால் பிழைத்த கிருமி அடுத்த முறை இந்த மருந்துக்கு அடங்காமல் போகலாம் என்று சொல்லி, ஒவ்வொரு வேளையும் போன் செய்து விழுங்க வைத்தோம். கிருமி போய்விட்டதா என்று மூச்சுப் பரிசோதனையில் பார்க்க, மருந்து முடிந்து குறைந்தது நான்கு வாரம் பொறுக்க வேண்டும்.

இந்தத் தொற்று பெரும்பாலும் சிறுவயதில், வீட்டுக்குள்ளேயே ஒருவரிடமிருந்து ஒருவருக்கு வருவது. நாங்கள் ஐந்து பிள்ளைகள் பெரியம்மா உருட்டிக் கொடுத்த சோற்றில் வளர்ந்தவர்கள். ஐந்து பேரில் மூன்று பேர் தினமும் 'கேஸ் மாத்திரை' போடுகிறோம். பெரியம்மாவுக்கு மூச்சுப் பரிசோதனை நடக்கும் அதே காலையில் எனக்கும் நேரம் வாங்கியிருக்கிறேன். மாத்திரையை நிறுத்தி இன்றோடு மூன்று நாள் ஆகிறது.