கழற்றி எறிவதா பழுதுநீக்கம்?



"நம்ம ஊரு சூடான ஊரு சார். தெர்மோஸ்டாட் எல்லாம் குளிர் நாட்டுக்காரனுக்கு. கழட்டி வீசிட்டா வண்டி ஜில்லுன்னு ஓடும்."

பழைய டீசல் நான்கு சக்கர வண்டி வைத்திருப்பவர்கள் இந்த அருள்வாக்கை ஒரு முறையேனும் கேட்டிருப்பார்கள். சென்ற வாரம் ஆசிரியர் அறையில் நண்பர் ஒருவர் இதையே மகிழ்ச்சியோடு சொன்னார். அவருடைய வண்டியிலிருந்தும் அந்தச் சிறு பொருளை அகற்றிவிட்டார்களாம். பள்ளி விடுமுறையில் மனைவி மக்களோடு தாப்பா வழியாகக் கேமரன் மலைக்குச் செல்லவிருக்கிறாராம். எனக்குத் திக்கென்றது. வேண்டாம் என்று காரணங்களோடு எடுத்துச் சொன்னேன். "உங்களுக்கு ஏன் சார் பொமன் வேலை?" என்று ஒருவர் கேட்க, அறையே சிரித்தது. அந்தச் சிரிப்புக்கான மறுமொழியே இக்கட்டுரை.

முதலில் என் சொந்த மடமையை ஒப்புக்கொள்கிறேன். என்னிடம் இருப்பது 1996ஆம் ஆண்டு டொயோட்டா ஹைலக்ஸ்; 2.8 லிட்டர் டீசல் இயந்திரம். செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதையில் பல ஆண்டுகள் ஓடிய வண்டி. ஒரு நாள் வெப்பமானியின் ஊசி மேலே ஏறத் தொடங்கியது. பட்டறையில் பத்தே நிமிடத்தில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிக் கையில் கொடுத்தார்கள். மறுநாள் ஊசி கீழே இறங்கி நின்றது. நானும் மனநிறைவு அடைந்தேன். மூன்று மாதங்கள் கழித்து, அதே தாப்பா மலைச்சாலையில், பாதி ஏற்றத்தில் வண்டி கொதித்து நின்றது. ஹெட் கேஸ்கட் போய்விட்டது. செலவு மூவாயிரம் வெள்ளிக்கு மேல். பணத்தைவிட, வளைவுச் சாலையோரம் இருட்டில் குழந்தைகளோடு நின்ற மூன்று மணி நேரத்தைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

பிறகு நானே முன்புறத்தைப் பிரித்துப் பார்த்தேன். குளிர்சாதனக் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையே செம்மண்ணும் பூச்சிகளும் காய்ந்த இலைகளும் சேர்ந்து கம்பளம்போல் அடைத்திருந்தன. காற்று புக வழியே இல்லை. நோய் அங்கே இருந்தது. நாங்கள் அறுத்து எறிந்ததோ நலமாக இருந்த உறுப்பை! தோட்டக் குழாயைக் கொண்டு இயந்திரப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக மென்மையாக நீர் பாய்ச்சினேன். ஒரு பிற்பகல் வேலை. செலவு ஏதுமில்லை.

அப்படியானால் ஊசி ஏன் முதலில் இறங்கியது? சமவெளியில், சுமையில்லாமல் ஓடும்போது, தடுப்பின்றிப் பாயும் நீர் இயந்திரத்தை அளவுக்கு மீறிக் குளிர்வித்தது. அது நலமன்று. குளிர்ந்த டீசல் இயந்திரத்தில் எரிபொருள் முழுமையாக எரிவதில்லை, கரி படியும், எரியாத டீசல் எண்ணெயோடு கலக்கும், தேய்மானம் கூடும். மலை ஏறும்போது கதை தலைகீழாகிறது. இவ்வகை இயந்திரங்கள் பலவற்றில் தெர்மோஸ்டாட்டின் அடியில் இன்னொரு தட்டு உண்டு. இயந்திரம் சூடேறி மேல்வாய் திறக்கும்போது, அத்தட்டு ரேடியேட்டரைத் தொடாமல் சுற்றி வரும் குறுக்குவழியை அடைக்கும். முழுப் பொருளையும் கழற்றினால் அக்குறுக்குவழி எப்போதும் திறந்தே கிடக்கும். கொதிக்கும் நீரில் ஒரு பகுதி ஆறாமலேயே மீண்டும் இயந்திரத்துக்குள் நுழையும். குளிர்ச்சி மிகவும் தேவைப்படும் நேரத்தில் குளிர்ச்சி குறைகிறது. கழற்றினால் குளிர்விக்கும் திறன் குறையும் என்று டொயோட்டாவின் பழுதுநீக்கக் கையேடுகளே எச்சரிக்கின்றன. "சூடான ஊர்" என்னும் வாதம் இங்கே உடைந்து போகிறது.

ஐயம் இருந்தால் சோதித்துப் பாருங்கள். தெர்மோஸ்டாட்டில் அது திறக்க வேண்டிய வெப்பநிலை பொறிக்கப்பட்டிருக்கும். என்னுடையதில் 82. சட்டியின் அடியைத் தொடாதவாறு நூலில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டு, வெப்பமானியோடு அடுப்பில் சூடேற்றுங்கள். 82 பாகையையொட்டித் திறக்கத் தொடங்கி, 95 பாகையில் ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் திறந்தால் அது குற்றமற்றது. திறக்காவிட்டால் புதியது வாங்கிப் பொருத்துங்கள். தீர்ப்புக்கு முன் விசாரணை வேண்டாமா?

விசாரணைக்கு ஒரு முறையும் உண்டு. நெரிசலில் ஊர்ந்து செல்லும்போது மட்டும் சூடேறினால் விசிறியை ஐயுறுங்கள். இயந்திரம் சூடாக இருந்து நிறுத்தப்பட்ட நிலையில், சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு விசிறியைத் தள்ளிப் பாருங்கள். எதிர்ப்பே இல்லாமல் பம்பரம்போல் சுழன்றால் அதன் விஸ்கஸ் இணைப்பு தளர்ந்துவிட்டது. விரைவுச்சாலையிலும் ஏற்றத்திலும் சூடேறினால் ரேடியேட்டரின் உள்ளோ வெளியோ அடைப்பு இருக்கக்கூடும். எங்கும் கசிவில்லாமல் நீர் குறைந்து, காலையில் குளிர்ந்த நிலையிலும் மேல்குழாய் விறைத்திருந்தால் ஹெட் கேஸ்கட்டை ஐயுறுங்கள். நீர் பெரிதும் வற்றிவிட்டால் ஊசி பொய் சொல்லும் என்பதையும் மறவாதீர்கள். உணரி நீரில் மூழ்கியிருந்தால்தான் உண்மை பேசும்.

மூடியையும் அற்பமாக எண்ணாதீர்கள். 0.9 பார் அழுத்தத்தைத் தாங்கும் மூடி, நீரின் கொதிநிலையைச் சமவெளியில் சுமார் 118 பாகைக்கு உயர்த்துகிறது. மூடியின் ரப்பர் நைந்துபோனால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். இயந்திரம் சூடாக இருக்கும்போது அதை ஒருபோதும் திறக்காதீர்கள், முகம் வெந்துவிடும். குழாய்நீரை மட்டும் ஊற்றி ஓட்டுவதும் தவறு. கூலண்டின் வேலை பனிக்கட்டியைத் தடுப்பது மட்டுமன்று. இரும்பு துருப்பிடிப்பதையும் தடுக்கிறது. பழைய கூலண்டைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். இனிப்புச் சுவையுள்ள நஞ்சு அது. பூனையும் நாயும் நக்கிச் சாகும்.

பட்டறைக்காரர்களை நான் பழிக்கவில்லை. மாலைக்குள் வேண்டும், ஐம்பது வெள்ளிக்குள் வேண்டும் என்று நெருக்குகிறவர்கள் நாம்தானே? காரணத்தைத் தேட நேரமும் கூலியும் தராதவனுக்கு ஊகம்தான் கிடைக்கும். இயந்திரத் தலையைச் சமன்செய்வதும் டீசல் பம்பைச் சீர்செய்வதும் அவர்களுக்கே உரிய கலை. அதில் நான் கைவைப்பதில்லை. ஆனால் கழுவுவதும், பார்ப்பதும், அளப்பதும், "ஏன்?" என்று கேட்பதும் உரிமையாளனின் கடமை.

இறுதியாக, அந்தச் சிரிப்புக்கு வருகிறேன். காலையில் அறிவியல் பாடத்தில், "கருதுகோளைச் சோதித்த பிறகே முடிவுக்கு வர வேண்டும்" என்று மாணவர்களுக்குக் கற்பிக்கிறோம். மாலையில் நம் சொந்த வண்டிக்கு எவரோ சொன்ன ஊகத்தைக் கைகட்டி ஏற்கிறோம். கையில் மசி படுவது இழிவு என்று நாமே சிரித்தால், கைத்திறன் உள்ள மாணவன் தன்னைப் பற்றி என்ன எண்ணுவான்? அவன் தந்தை பட்டறையில் உழைப்பவராயிருந்தால் அச்சிரிப்பு எங்கே போய்த் தைக்கும்?

நண்பரிடம் மறுநாளும் பேசினேன். வரும் சனிக்கிழமை வண்டியைக் கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். புதிய தெர்மோஸ்டாட்டும் கேஸ்கட்டும் வாங்கி வைத்துவிட்டேன். சிரித்தவர்களும் வரலாம், பிடித்துக்கொள்ள ஒரு தோட்டக் குழாய் காத்திருக்கிறது.